பீரங்கி அளந்த நிலமும் ஒரு பிழைத்திருத்தலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், ஆங்கிலச் சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதியில் 'ரேண்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். 'முன்கூட்டிச் சொல்ல முடியாத, ஒழுங்கு இல்லாத' என்று பொருள் கொடுத்திருந்தீர்கள். இன்றைய வழக்குக்கு அது சரிதான். ஆனால் எடுத்துக்காட்டுக்கு எங்கள் கடலூரை இழுத்துவிட்டீர்கள். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர் கண்மூடித்தனமாக நாலா பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த இடத்தையெல்லாம் வளைத்துக்கொண்டார்கள் என்றும், ரேண்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்றும் கேட்டு முடித்திருந்தீர்கள். கட்டாயம் வேண்டும். அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருந்தாத உதாரணத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் மொழியறிஞன் அல்லன். மஞ்சக்குப்பத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கிரையம், பாகப்பிரிவினை, தானம், அடமானம் என்று எத்தனை ஆயிரம் எழுதியிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. தங்கள் கட்டுரையில் வந்த சொல் ஒரு கிரையத்தின் எல்லை விவரத்தில் வந்த சொல். எல்லை விவரம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விற்றவர்கள் செஞ்சியில் இருந்த மராத்தியர். வாங்கியவர்கள் சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார். அப்போது அங்கே கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். வேல்ஸ் நாட்டு வம்சாவளியான அவர், அந்த நாட்டுப் புனிதர் டேவிட்டின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார். விற்பனையில் கோட்டை மட்டும் போகவில்லை. சுற்றியிருந்த நிலமும் சேர்ந்து போனது. எவ்வளவு நிலம்? இங்கேதான் எந்தப் பத்திர எழுத்தரும் எழுந்து உட்காருவார். சர்வே எண் கிடையாது. ஏக்கரும் இல்லை, காணியும் இல்லை, குழிக்கணக்கும் இல்லை. ஒரு பீரங்கியின் 'ரேண்டம் ஷாட்'டுக்குள் அடங்கும் நிலம். எல்லை விவரம் அவ்வளவே. பிறகு கோட்டையிலிருந்து திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு எட்டிய தூரத்துக்குள் இருந்த ஊர்கள், கடலூர் நகரம் உட்பட, அவர்கள் கைக்குப் போயின. பீரங்கிக் குண்டு கிராமங்கள் என்று ஆங்கிலேயர் காலத்து நூல்கள் அவற்றைக் குறிப்பிடுகின்றன. இன்றைக்கும் இங்கே குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. தொழிலில் புதிதாகச் சேர்ந்த காலத்தில், உப்பலவாடிக்கு முன்னால் எதற்குக் குண்டு என்று என் குருநாதரைக் கேட்டேன். "அது ஊரை அளந்த கோல்" என்றார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை; எழுத வேண்டிய பத்திரம் காத்திருந்தது.

பீரங்கியை இரண்டு விதமாகச் சுடலாம். குழாயைக் கிடைமட்டமாக வைத்து, எதிரே இருக்கும் குறியை நேராகப் பார்த்துச் சுடுவது ஒரு வகை. 'பாயிண்ட் பிளாங்க்' என்று செய்திகளில் நீங்களே எழுதுகிறீர்களே, அது இந்த வகையில் வந்த சொல். குழாயின் மூக்கை வானத்தைப் பார்க்க உயர்த்தி, குண்டு வளைந்து போய் எவ்வளவு தொலைவில் விழ முடியுமோ அவ்வளவு தொலைவில் விழும்படி சுடுவது இன்னொரு வகை. அந்த முழு வீச்சுக்குத்தான் அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர்கள் 'ரேண்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆகவே பத்திரத்தில் இருந்த வாசகம் 'கண்டபடி சுட்டு விழுந்த இடம்' அல்ல. 'அதிகபட்சம் எட்டும் தூரம்'.

நம் மொழியில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. கூப்பிடு தூரம் என்கிறோம். வீட்டுக்குள் உட்கார்ந்து முனகினால் கேட்கும் தூரமா அது? திண்ணைக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தால் எட்டும் தூரம். யார் குரல், காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதற்காகக் கூப்பிடு தூரம் என்பதை ஒழுங்கற்ற தூரம் என்று யாராவது விளக்கம் எழுதுவார்களா? 1690-இல் ஆங்கிலேயர் வாங்கியது பீரங்கி கூப்பிடும் தூரம்.

அதை அளந்தது யார் பீரங்கி என்பதையும் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூர்த் தேரடியில் பூ வாங்குகிறவர்களுக்கு முழத்தின் சூட்சுமம் தெரியும். பூக்காரம்மா தன் கையால் அளப்பார், விரலைச் சற்று மடக்கிக்கொள்வார். நாம் இன்னும் இரண்டு கண்ணி விடச் சொல்லிக் கேட்போம். விற்கிறவர் கையால் அளப்பதுதான் உலக வழக்கம். இங்கே வாங்க வந்தவன் தன் கையை நீட்டி அளந்துகொண்டான். பீரங்கி அவனுடையது, மருந்து அவனுடையது, கிட்டித்துச் சுட்டவனும் அவன் ஆள். மூக்கை எவ்வளவு உயர்த்தினால் குண்டு அதிக தூரம் போகும் என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குப் புதிய செய்தியும் அல்ல. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 45 பாகை என்று இத்தாலியரான டார்டாக்லியா அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். கண்மூடித்தனமாகச் சுட்டார்கள் என்கிறீர்கள். இரண்டு கண்ணையும் அகலத் திறந்துவைத்துக்கொண்டு சுட்டிருக்கிறார்கள், ஐயா. அந்தக் கிரையத்தை நான் எழுதியிருந்தால், 'விற்பவர் தரப்பு பீரங்கியால், விற்பவர் தரப்பு ஆள் முன்னிலையில்' என்று ஒரு வரி சேர்க்காமல் பேனாவை மூடியிருக்கமாட்டேன்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'குறியில்லாமல்' என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு பொருள், மற்ற இடங்களில் இன்னொரு பொருள். நம் பத்திரங்களில் 'அடி' என்று வந்தால் யாரும் உதை என்று படிப்பதில்லையே, அதுபோல.

சொல் எங்கிருந்து வந்தது என்பதைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. சுவையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. என் மைத்துனர் புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவர். கட்டுரையைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "மாமா, அது எங்கள் வீட்டுப் பெண். ஆங்கிலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள்" என்றார். பிரெஞ்சை எப்போதும் 'எங்கள்' என்றுதான் சொல்வார். அந்த ஊர்க்காரர்களிடம் அதைப் பிடுங்க முடியாது. பழைய பிரெஞ்சில் 'ராந்தோன்' என்றால் வேகம், மூர்க்கம், தலைதெறிக்கப் பாய்வது. 'ராந்தீர்' என்ற வினைச்சொல்லுக்கு ஆவேசமாக ஓடுவது என்று பொருள். கடிவாளம் தளர்ந்த குதிரையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது அதே பொருளோடு நுழைந்தது: வேகம், பலம். பதினாறாம் நூற்றாண்டில் 'அட் ரேண்டம்' என்பது பின்விளைவு பாராமல், குறி இல்லாமல் என்று திரும்பியது. பதினேழாம் நூற்றாண்டில் பெயரடையாகி, நீங்கள் சொன்ன பொருளில் வந்து உட்கார்ந்தது. பாய்கிற குதிரை எங்கே போய் நிற்கும் என்பது சவாரிக்காரனுக்கே தெரியாது. முழு வீச்சில் சுட்ட குண்டும் அப்படித்தான்: இதைத் தாண்டிப் போகாது என்று சொல்லலாம், இந்தத் தென்னை மரத்தடியில் விழும் என்று சொல்ல முடியாது. முதல் பாதியை நம்பி எழுதியது எங்கள் ஊர்ப் பத்திரம். இரண்டாம் பாதியிலிருந்து கிளைத்தது இன்றைய பொருள்.

பெற்றவர்கள் அந்தப் பெண்ணின் தங்கை ஒருத்தியை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். இன்றைய பிரெஞ்சில் 'ராந்தொனே' என்றால் காடு மேடாக நெடுந்தூரம் நடந்துபோவது. மைத்துனர் தினமும் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடப்பதற்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார் என்பது வேறு விஷயம். ஆங்கிலேயர் 'ரேண்டம்' என்கிற இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பகடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'அலெயத்துவார்' என்பதைச் சொல்கிறார்களாம். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தமிழ்தான் நினைவில் ஓடியது. கால் போன போக்கு, மனம் போன போக்கு, குருட்டாம்போக்கு. நம்மிடமும் இந்தப் பொருளுக்கு நடப்பதும் போவதுமாகவே சொற்கள் இருக்கின்றன. குதிரைதான் இல்லை.

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லை அதிகம் செலவழிப்பவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. தெருவில் வழி கேட்ட மனிதர் 'ரேண்டம் ஆள்', நான் சாப்பாட்டு நடுவே பழைய கதை எடுத்தால் 'ரேண்டமாகப் பேசுகிறார் தாத்தா'. அவளுடைய கணக்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அங்கே இதே சொல் 'சமவாய்ப்பு' என்ற பெயரில் ஒழுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. வரக்கூடிய விளைவுகள் என்னென்ன என்பது முன்பே தெரியும், இம்முறை எது வரும் என்பதுதான் தெரியாது. அதுவே சமவாய்ப்புச் சோதனை. நாணயம் சுண்டினால் பூவா தலையா. மூன்றாவதாக ஒன்று வராது. படித்ததும் எனக்குப் பீரங்கி ஞாபகம் வந்தது. எல்லை தெரியும், இடம் தெரியாது. பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, இதைப் பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் தருவார்களா?" என்று கேட்டாள்.

தங்கள் கட்டுரையாளர் 'ஒழுங்கு இல்லாத' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ஒழுங்கில்லாமல் இருப்பதற்குக்கூட ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை என் தொழிலிலேயே பார்த்திருக்கிறேன். 1994-இல் அண்ணன் தம்பி இருவருக்குப் பாகப்பிரிவினை எழுதினேன். தேவனாம்பட்டினம் பக்கத்தில் ஒரு மனை. கீழ்ப்புறத்தில் கிணறு. இருவருக்கும் கிணற்றின்மேல் கண். பேசிப் பார்த்து முடியாமல், பாடலீஸ்வரர் சந்நிதியில் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். ஒரே தாளை நான்தான் கிழித்தேன். இரண்டு துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அண்ணன் மனைவி கவனித்துக்கொண்டே நின்றார். ஒரே மையில் எழுதி, ஒரே மாதிரி சுருட்டி, பித்தளைத் தட்டில் போட்டுக் குலுக்கினோம். தம்பியின் ஐந்து வயது மகள் எடுக்க வந்தபோது, தட்டை இன்னும் ஒரு முறை குலுக்கச் சொன்னார் அண்ணன். குழந்தை எடுத்த சீட்டைப் பிரித்தால், அண்ணனுக்கு மேல்புறம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கண்மூடித்தனமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்தக் கையெழுத்து கிடைத்திருக்குமா?

1920-களில் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வுப் பண்ணையில் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் இதைத்தான் வயலுக்குக் கொண்டுபோனார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளர் தன் விருப்பப்படி முடிவு செய்யக் கூடாது, சீட்டுப் போடுவது போன்ற முறையில் ஒதுக்க வேண்டும் என்றார். நல்ல மண்ணுக்கு நல்ல உரத்தைத் தானாகக் கொடுத்துவிடும் கைக்கு அது ஒரு கட்டு.

அந்த அண்ணன் தம்பி பத்திரத்தில் சீட்டு சரியாக இருந்தது. தவறு என்னுடையது. சர்வேயரை அழைக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. எனக்கும் அன்று வேறு மூன்று பத்திரங்கள் இருந்தன. தம்பி பாகத்துக்கு மேல் எல்லையாக 'முருங்கை மரத்துக்குக் கிழக்கு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று பழமொழியே இருக்கிறது. நான் அதை எல்லைக்கல் ஆக்கினேன். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. மாவட்டம் முழுக்கப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த நாளில் ஒரு முருங்கையை யார் பார்க்கப் போகிறார்கள்? நான் பார்த்தேன். மரம் இருந்த இடத்தில் சேறு. அண்ணன் ஒரு இடத்தில் நின்று இங்கேதான் என்றார். தம்பி இரண்டரை அடி தள்ளி நின்று இங்கேதான் என்றார். இருவர் கையிலும் நான் எழுதிய பத்திரத்தின் நகல் இருந்தது. அந்த இரண்டரை அடி தீர நான்கு வருடம் ஆயிற்று.

அதனால்தான் 1690-ஆம் ஆண்டு எல்லை விவரத்தை யாராவது ஏளனமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்கிறது. அதில் வஞ்சகம் உண்டு, அடாவடி உண்டு. அரைகுறை எழுத்து இல்லை. அந்தக் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்தார். இன்று போனால் செங்கல் சுவர்த் துண்டுகளைத்தான் பார்க்கலாம். அது அளந்த ஊர்களின் பெயரில் குண்டு மட்டும் அப்படியே நிற்கிறது.

தங்களிடம் கேட்பது இரண்டே. அந்த 'கண்மூடித்தனமாக' என்ற சொல்லை அடுத்த ஞாயிறு திருத்தி, பீரங்கியின் முழு வீச்சு என்று ஒரு வரி போடுங்கள். இன்னொன்று, செய்திகளில் 'ரேண்டம் முறையில் தேர்வு' என்று எழுதுவதை நிறுத்துங்கள். பள்ளிச் சேர்க்கைக்குக் குலுக்கல் என்ற சொல் இருக்கிறது. கணக்குக்குச் சமவாய்ப்பு இருக்கிறது. இலங்கைத் தமிழர் எழுமாற்று என்கிறார்கள், அதுவும் நல்ல சொல்தான். யாரோ ஒருவர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் என்றே எழுதினால் என் பேத்தியும் படித்துப் பழகிக்கொள்வாள். எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடாதீர்கள். ஆங்கிலத்துக்கே அது ஒரே சொல்லாக இருந்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பின்குறிப்பு: அதே இதழின் ஏழாம் பக்கத்தில் வந்த ஏல அறிவிப்பில் குண்டு உப்பலவாடியைக் 'கண்டு உப்பலவாடி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பத்திரத்தில் இப்படி வந்தால் நாங்கள் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்வோம். தாங்கள் ஒரு வரியில் முடித்துவிடலாம்.